சின்னப்பாலத்துப் பாசிக்கரை

சின்னப்பாலத்தில் தெரு முடியும் இடத்திலேயே கடல் தொடங்கிவிடுகிறது. பாம்பனிலிருந்து குந்துகால் முனைக்குச் செல்லும் வழியில் உள்ள மீனவச் சிற்றூர் அது. குந்துகால், 1897ஆம் ஆண்டில் மேலைநாட்டுப் பயணம் முடித்துத் திரும்பிய விவேகானந்தர் கரையிறங்கிய இடம். அங்கே நின்று பார்த்தால் எதிரே குருசடைத் தீவு பச்சைக் கோடாகத் தெரியும். பயணிகள் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். நான் காண விரும்பியது தெருவின் மறுமுனையை. வாசல் பெருக்கிய பெண்கள் கடலுக்குள் மூழ்கச் செல்லும் துறை அது.

முக்குளிப்பு என்றதும் முதுகில் காற்றுருளையும் வாயில் குழாயும் பூண்ட மனிதரே நம் நினைவுக்கு வருவர். ஸ்கூபா எனப்படும் அம்முறைக்கு வழிவகுத்த கருவியை 1943ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டவரான ழாக் குஸ்தோவும் எமில் காஞானும் உருவாக்கினர். சின்னப்பாலத்தில் அக்கருவி எதுவும் இல்லை. சேலைக்கு மேல் ஆண்கள் அணியும் பழைய சட்டை, கண்ணுக்கு நீர்க்கண்ணாடி, பாறை கிழிக்காதிருக்க விரல்களில் சுற்றிய துணிக்கீற்று, பாதங்களில் துடுப்பு போல இறுகக் கட்டிய தகடு, பறித்ததைச் சேர்க்க இடுப்பில் ஒரு பை. காற்றோ, நுரையீரல் கொள்ளும் அளவுதான்.

நான் மோகனூர்க்காரி. அசலதீபேசுவரர் கோயிலை அடுத்த காவிரியில் மூழ்கி, அடிமணலைக் கைப்பிடியளவு அள்ளிக் காட்டுவது எங்கள் சிறுவயது விளையாட்டு. ஆற்றில் அது போதும். இங்கே இடுப்பளவு நீரில் நின்றபோதே அலை என்னை இருமுறை தள்ளியது. எனக்குச் சற்றுத் தொலைவில் ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் தலைகீழாக நீருக்குள் இறங்கினார். நான் எண்ணத் தொடங்கினேன். நாற்பதைத் தாண்டியபோது என் நெஞ்சு படபடத்தது. அவர் வேறோரிடத்தில் எழுந்து, சீழ்க்கை போன்ற ஓசையுடன் மூச்சை விட்டார். கை நிறையப் பாசி இருந்தது.

“காது குத்தாதா அக்கா?” என்று கேட்டேன்.

“குத்தும் டீச்சர். எச்சிலை முழுங்கிட்டா விட்டுரும். காலு பாறையில பட்டாத்தான் பெருந்தொல்லை. ஆறுறதுக்குள்ள அடுத்த மாசம் வந்துரும்.”

அவர்கள் பறிப்பவை பெரும்பாலும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும். உலர்த்திய பாசியைக் கொதிக்கவைத்து வடித்தால் அகார் என்னும் கூழ்ப்பொருள் கிடைக்கும். இனிப்பு வகைகளை இறுகச் செய்வது அது. ஆய்வகத்தில் நுண்ணுயிர்களை வளர்க்கும் கண்ணாடித் தட்டிலும் அதுவே இருக்கிறது. 1881ஆம் ஆண்டில், ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் பணியாற்றிய கணவருக்கு, தம் சமையலறை அனுபவத்தைக் கொண்டு ஃபேன்னி ஹெஸ்ஸே இதனைப் பரிந்துரைத்தார். நோய்க்கிருமிகளைத் தனித்தனியே பிரித்தறிய உதவிய அந்தத் தட்டுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் அடுக்களை இருந்தது. உயிரியல் ஆய்வகத்தில் அத்தட்டைக் கையில் எடுக்கும் மாணவர், அதற்குப் பின்னால் மூச்சடக்கிய பெண்களும் இருப்பதை எங்கே அறிவார்!

இந்தக் கடலுக்கு ஒரு வழக்கும் உண்டு. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த நீர்ப்பரப்பையும் அரசு 1986ஆம் ஆண்டில் மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. அதற்குக் காரணம் இருந்தது. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டியெடுத்த காலத்தின் விளைவை இன்றும் காணலாம். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் நீருக்குள் அமிழ்ந்தே போயின. ஆனால் பாறையை வெட்டியவர்கள் வேறு. பாறைமேல் முளைத்ததைக் கொய்தவர்கள் வேறு. கட்டுப்பாடு இறுகியபோது, பாட்டியும் தாயும் பறித்த இடத்துக்குச் சென்ற பெண்கள் அத்துமீறியவர்கள் ஆயினர். பையைப் பறிகொடுத்துத் திரும்பிய நாள்களை அவர்கள் இன்னும் மறக்கவில்லை. காப்பவரும் வாழ்பவரும் எதிரெதிரே நிற்க நேர்ந்தது நியாயமன்று என்பதே என் எண்ணம்.

அப்பெண்கள் செய்தது என்ன? ஊர் ஊராகக் கூடிப் பேசினர். தங்களுக்குத் தாங்களே விதி வகுத்துக்கொண்டனர். மாதத்தில் 12 நாள் மட்டுமே கடலில் இறங்குவது. அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள். அந்நாள்களில் நீர் மிகவும் வற்றுவதால் பாறை எட்டும் தொலைவில் இருக்கும். இரும்புச் சுரண்டியைக் கைவிட்டுக் கையால் மட்டுமே பறிப்பது. விசைப்படகுகள் கரையில் நிற்கும், அப்போது 45 நாளாக இருந்த மீன்பிடித் தடைக்காலத்தில் தாங்களும் ஓய்ந்திருப்பது. இம்முயற்சியை முன்னின்று நடத்திய சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு, 2015ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு தன் விருதை வழங்கியது. தென்கொரியாவின் ஜெஜு தீவில் இவ்வாறே மூச்சடக்கி மூழ்கும் ஹேன்யோ பெண்களின் மரபை யுனெஸ்கோ 2016ஆம் ஆண்டில் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம் கடற்கரைப் பெண்களைப் பெரும்பாலோர் மீனவர் என்றுகூட எண்ணுவதில்லை. மீனவரின் மனைவியர் என்றே குறிப்பிடுகிறோம்.

கரையேறியவர் பையைக் கவிழ்த்தார். பாசியின் அடியில் ஒட்டிய கல்லோ வேரோ இல்லை. நுனியை மட்டும் கிள்ளியிருந்தார். அது தற்செயலா என்று அறிய ஆவல் கொண்டேன்.

“வேரோட புடுங்கிட்டா அடுத்த வருசம் இந்தப் பாறையில என்ன இருக்கும், டீச்சர்?”

தெரு நெடுகப் பாசி காய்ந்துகொண்டிருந்தது. நடப்பவர் ஓரமாக ஒதுங்கி நடந்தனர். பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் புத்தகப்பையைத் திண்ணையில் வைத்துவிட்டு, தாய்மார் சொல்லாமலே அதைக் கிளறிவிட்டனர். ஈரத்தில் பெருஞ்சுமையாகத் தோன்றுவது உலர்ந்தபின் சிறு மூட்டையாகச் சுருங்கும். வியாபாரி எடைபோடுவது உலர்ந்ததைத்தான். அக்கா நீர்க்கண்ணாடியைக் கழுவி, விரல் துணிகளைப் பிழிந்து கொடியில் உலர்த்தினார். பௌர்ணமிக் கணக்கில் இன்னும் இரண்டு நாள் பாக்கி இருந்தது.