அக்காவின் வில்வண்டி

வில்வண்டி என்றால் நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். மாட்டு வண்டிகளிலேயே அது கொஞ்சம் உயர்ந்த ரகம். அச்சுக்கும் வண்டிக் கூட்டுக்கும் நடுவே இரும்புப் பட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, வில் மாதிரி வளைத்துக் கட்டியிருப்பார்கள். கட்டை வண்டியில் பத்து மைல் போனால் இடுப்பு ஒரு வாரம் முனகும்; வில்வண்டியில் போனால் வெற்றிலை போட்டுக்கொண்டு ஊர்க்கதை பேசிக்கொண்டே போகலாம். வித்தியாசமெல்லாம் அந்த நாலைந்து பட்டைகளில்தான். மோட்டார் பட்டறையில் அதையே 'லீஃப் ஸ்பிரிங்' என்கிறார்கள். நான் வில் என்றே சொல்லிவிடுகிறேன். வாய்க்குச் சுலபமாக இருக்கிறது.

அப்படிப்பட்ட ஒரு ஜோடி வில்லைத் தேடி 2024-ம் வருஷம் மாசி மாதத்தில் மலேசியாவில் நானும் என் அக்காவும் அலைந்தோம். 'இது ஆண்பிள்ளைகள் சமாசாரம்' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அத்தனை அலைச்சலிலும் காரியத்தை முடித்தது அக்காதான்.

அக்காவை 2001-ல் கேமரன் மலையில் கொடுத்தோம். பகாங் மாநிலத்தில் ஐயாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது அந்த இடம். தேயிலைக்குப் பெயர் போனது. முட்டைக்கோசு, தக்காளி, ஸ்ட்ராபெரி எல்லாம் விளையும். அத்தானின் தாத்தா தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலைக்கு வந்தவர். அவர் பிள்ளை தோட்டத்தை விட்டு வெளியேறி, மலைச்சரிவில் காய்கறி பயிரிட ஆரம்பித்தார். அந்தக் கொல்லையும் ஒரு லேண்ட்ரோவர் வண்டியும் அத்தானுக்கு வந்தன. 2023-ல் அத்தான் மாரடைப்பில் போய்விட்டார். கொல்லை, வண்டி, கோலாலம்பூரில் படிக்கும் பெண்ணின் காலேஜ் சம்பளம், மூன்றும் அக்கா தலையில் விழுந்தன.

"நீ போய் அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடு" என்று சொல்லித்தான் அம்மா என்னை அனுப்பினாள். அத்தானின் தம்பியும் அதே கட்சி. கொல்லையைக் குத்தகைக்கு விட்டுவிடலாம், வண்டியை விற்றுவிடலாம், அண்ணி ஊரோடு போய் நிம்மதியாக இருக்கட்டும் என்பது அவர் யோசனை. கெட்ட மனிதர் இல்லை. உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். அதனால்தான் பதில் சொல்வது கஷ்டமாக இருந்தது.

நான் போய் இறங்கிய மூன்றாம் நாள் வண்டியின் வில் முறிந்தது.

அந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். லேண்ட்ரோவர் முதன்முதலில் 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் அரங்கேறியது. யுத்தம் முடிந்து இங்கிலாந்தில் எஃகுக்குப் பஞ்சமாக இருந்த சமயம். ஆகையால் மேல்கூட்டை அலுமினியக் கலவையில் செய்தார்கள். பஞ்சத்துக்குச் செய்தது வரமாகிவிட்டது. மழை ஓயாத மலைகளில்கூட மேல்கூடு துருப்பிடிப்பதில்லை. அடிச்சட்டமும் வில்லும் எஃகு; அவைதான் முதலில் கிழடு தட்டுகின்றன. அக்காவின் வண்டி 1979-ல் செய்தது; மூன்றாவது ஸீரீஸ், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 88 அங்குலம். 1983 முதல் அந்தக் கம்பெனி புது வண்டிகளுக்குச் சுருள் ஸ்பிரிங் போட ஆரம்பித்துவிட்டது. 1985-ல் மூன்றாவது ஸீரீஸையே நிறுத்திவிட்டார்கள். கேமரன் மலையில் மட்டும் அந்தப் பழைய வண்டிகள் இன்றைக்கும் கோசு மூட்டை சுமந்துகொண்டு ஏறி இறங்குகின்றன.

அன்று சாயங்காலம் முப்பது கூடைக் கோசுடன் அக்கா கொல்லையிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்து ஸீட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஸ்வாமி பெயரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதையில் ஒரு பள்ளம். 'டணார்' என்று கோயில் மணி மாதிரி ஒரு சத்தம். ஸ்டியரிங் தானாக வலது பக்கம் இழுத்தது. அக்கா பதறவில்லை. நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, புடவையைச் செருகிக்கொண்டு அடியில் குனிந்து பார்த்தாள்.

"வலது முன் வில். மேல் பட்டை போய்விட்டது."

எல்லாப் பட்டைகளுக்கும் மேலே இருக்கும் நீளப் பட்டைதான் மூலப் பட்டை. அதன் இரண்டு முனையையும் சுருட்டிக் காது மாதிரி செய்திருப்பார்கள். அந்தக் காதில்தான் வண்டியோடு பிணைப்பு. அது முறிந்தால் அச்சு நகர்ந்துவிடும். மலைப்பாதையில் அது விளையாட்டல்ல.

விஷயம் கேள்விப்பட்டு வந்த கொழுந்தனார் பெருமூச்சு விட்டார். "அண்ணன் இருபது வருஷம் ஓட்டினார், ஒன்றும் ஆகவில்லை. பள்ளம் பார்த்து ஓட்ட வேண்டும் அண்ணி" என்றார். அக்கா வாயே திறக்கவில்லை. அடுப்பங்கரையில் போய்ப் பாத்திரம் கழுவினாள். அந்தப் பாத்திரச் சத்தம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

மறு நாள் உள்ளூர்ப் பட்டறைகளில் விசாரித்தோம். தெருவுக்குத் தெரு லேண்ட்ரோவர் நிற்கும் ஊரில் வில்லுக்கா பஞ்சம் என்று நினைத்தேன். அத்தனை பேருக்கும் அதே வில் வேண்டியிருக்கிறதே! நல்லதாகக் கழற்றக்கூடியதை எல்லாம் யாராவது எப்போதோ கழற்றிப் போட்டுக்கொண்டாகிவிட்டது. ஒரு பட்டறையில் காட்டிய பழைய வில் வளைவே இல்லாமல் அப்பளக் குழவி மாதிரி நேராகக் கிடந்தது. இன்னொருவர் ஜப்பான் வண்டியின் பட்டையைக் கொடுத்தார். லேண்ட்ரோவர் பட்டையின் அகலம் இரண்டரை அங்குலம். அக்கா விரலால் அளந்து பார்த்து, அகலம் போதாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

மூன்றாமவர், "எதற்கு இத்தனை கஷ்டம்? வெல்டிங் வைத்து ஒட்டிவிடலாம்" என்றார். இதற்கு மட்டும் யாரும் சம்மதிக்கக் கூடாது. மைசூர்ப்பாகுக்குப் பதம் இருக்கிறதல்லவா? வில் எஃகுக்கும் அப்படி ஒரு பதம் உண்டு. பழுக்கக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்துக் குளிரவைத்து, மறுபடி நிதானமான சூடு காட்டி, வளையவும் வேண்டும், பழைய வடிவத்துக்குத் திரும்பவும் வேண்டும் என்ற நிலைக்குக் கொண்டுவந்திருப்பார்கள். ஒட்டுகிற நெருப்பு பட்ட இடத்தில் அந்தப் பதம் கெட்டுவிடும். ஒட்டு நிற்கும், ஒட்டுக்குப் பக்கத்தில் முறியும்.

ஆக, மலையிறங்கி ஈப்போவுக்குப் போனோம். முறிந்த பட்டையைக் கோணிச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டது நான். பக்கத்து வீட்டுக்காரரின் லாரியில் சிம்பாங் பூலாய் வழியாக இறங்கினோம். ஈப்போ ஒரு காலத்தில் ஈயத்தால் செழித்த ஊர். ஊரைச் சுற்றிச் சுண்ணாம்புக் குன்றுகள், குன்றுகளுக்குள் குகைக் கோயில்கள். வெள்ளைக் காப்பி என்று ஒன்று கொடுக்கிறார்கள், அதற்காகவே இன்னொரு தடவை போகலாம். அன்று குகையையும் பார்க்கவில்லை, குன்றையும் பார்க்கவில்லை. காப்பி மட்டும் இரண்டு தரம் குடித்தோம்.

முதல் கடையில் ஒரு பையன் வண்டியின் சட்ட எண்ணைக் கேட்டான். கம்ப்யூட்டரில் தட்டி, "பெட்ரோல் வண்டி, 88 அங்குலம், முன் வில் இருக்கிறது" என்றான். எனக்கு ஒரே சந்தோஷம். அக்கா மட்டும் அதன் பட்டைகளை எண்ணினாள். ஒன்பது. எங்கள் வண்டியிலோ பதினொன்று.

"என் வண்டியில் பெட்ரோல் இன்ஜின் இல்லை, தம்பி. 1998-லேயே அவர் அதை எடுத்துவிட்டு ஜப்பான் டீசல் இன்ஜின் வைத்துவிட்டார். டீசல் இன்ஜின் கனம். இது தாங்காது."

பையன் மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தான். அதில் பெட்ரோல் என்றுதான் இருந்தது. அவனைக் குற்றம் சொல்ல முடியாது. வண்டி பிறந்தபோது எழுதிய ஜாதகம் அவன் கையில் இருந்தது. அதற்கப்புறம் நடந்த சங்கதியெல்லாம் அக்காவுக்குத்தான் தெரியும்.

இரண்டாவது கடை ஜோரான கடை. அங்கே 'பாராபோலிக்' என்று ஒரு புது மாதிரி வில் காட்டினார்கள். நடுவில் தடித்து, முனைக்குப் போகப் போக மெலியும் இரண்டு மூன்று பட்டைகள்தான். பட்டையும் பட்டையும் உராய்வதில்லை. ஆகையால் மெத்தை மாதிரி போகுமாம். ஆனால் உராய்வு இல்லாததால் குலுக்கலை அடக்குகிற வேலை முழுவதும் ஷாக் அப்ஸார்பரின் தலையில் விழும். அதையும் நல்லதாக மாற்ற வேண்டும். அக்காவின் சுமைக்கு ஏற்றதை இங்கிலாந்திலிருந்துதான் வரவழைக்க வேண்டும் என்றார்கள். பத்துக் கிலோவுக்குக் குறையாத இரும்பு, ஜோடியாக, ஆகாய மார்க்கம்! கூலியைக் கேட்டதும் அக்கா எழுந்துவிட்டாள்.

"உல்லாசப் பிரயாணம் போகிறவர்களுக்கு நன்றாக இருக்கும்" என்றாள் வெளியே வந்து. கப்பலில் வரட்டும் என்றால் கோசு காத்திருக்குமா? ஏற்கெனவே இரண்டு பாத்தி வெடிக்கிற பக்குவத்தில் நின்றது.

மூன்றாவது இடத்துக்கு லாரி டிரைவர் வழி சொன்னார். ஊருக்கு வெளியே தகரக் கொட்டகை; உள்ளே உலை. லாரிகளுக்கு வில் அடிக்கும் ஒரு சீனப் பெரியவர். அக்காவைத் "தங்காச்சி" என்று கூப்பிட்டார். பேச்செல்லாம் மலாயில், அக்கா எனக்கு அவ்வப்போது மொழிபெயர்த்தாள்.

அவர் சட்ட எண்ணைக் கேட்கவில்லை. சாக்கைப் பிரித்து, முறிந்த வாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். முறிந்த இடத்தில் முக்கால் பங்கு கறுத்துத் துரு ஏறியிருந்தது. கால் பங்குதான் புதிதாக, சாம்பல் நிறத்தில் பளபளத்தது.

"இந்தக் கறுப்பு, பழைய விரிசல். தண்ணீர் இறங்கித் துரு பிடித்திருக்கிறது. அன்றைக்கு முறிந்தது இந்தப் பளபளப்பு மட்டும்" என்றார். எவ்வளவு நாள் பழசு என்று அக்கா கேட்டாள். ஒரு வருஷம் இருக்கும், அதற்கு மேலும் இருக்கலாம் என்றார்.

அக்கா அந்தப் பட்டையைக் கையில் வாங்கி வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் ஓட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே அது கீறல் விட்டிருக்கிறது. கடைசியில் சாக்கில் மறுபடி சுற்றி, "இதை நான் எடுத்துக்கொண்டு போகிறேன்" என்றாள்.

அப்புறம் பெரியவர் கேள்விகளை ஆரம்பித்தார். என்ன இன்ஜின்? எத்தனை கூடை? ஒரு கூடை என்ன எடை? பாதையில் எத்தனை பள்ளம்? அக்கா பரீட்சைக்குப் படித்த பெண் மாதிரி டக் டக்கென்று சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசியில் ஒரு கேள்வி.

"ஓட்டுகிறவர் என்ன எடை?"

பெண்களிடம் கேட்கக் கூடாத கேள்வி! ஆனால் காரணம் இருந்தது. அந்த வண்டியில் டிரைவர் உட்காருவதும் வலது பக்கம், எண்ணெய்த் தொட்டி இருப்பதும் அதே ஸீட்டுக்கு அடியில். அதனால் வலது வில்லுக்கு இடதை விடக் கொஞ்சம் அதிக வளைவு வைப்பார்கள். இடது, வலது மாற்றி மாட்டினால் வண்டி காலமெல்லாம் ஒருக்களித்தே போகும். ஒரு பக்கம் மட்டும் புதிதாகப் போட்டாலும் அதே கதி. ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

"அவர் தொண்ணூறு கிலோ இருப்பார்" என்று ஆரம்பித்த அக்கா நிறுத்திக்கொண்டாள். பிறகு, "ஐம்பத்திரண்டு" என்றாள். பெரியவர் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் 52 என்று எழுதிக்கொண்டார்.

நாலு நாள் கேட்டார். அந்த நாலு நாளும் பக்கத்துக் கொல்லைச் சீனக் குடும்பம் தங்கள் லோடை இறக்கிவிட்டு, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் தங்கள் வண்டியைக் கொடுத்தார்கள். அக்கா பனியில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு ஓட்டினாள். அப்படியும் ஒரு பாத்திக் கோசு வெடித்து வீணாயிற்று. வெடித்ததைப் பொரியல், கூட்டு, சாம்பார் என்று நாங்கள் சாப்பிட்டது வேறு கதை.

ஐந்தாம் நாள் வில் வந்தது. உள்ளூர்ப் பட்டறைக்காரர் மாட்டினார். அதிலும் ஒரு சூட்சுமம் பார்த்தேன். காதுகளில் போகிற போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கக் கூடாதாம். சக்கரம் தரையில் ஊன்றி, வண்டியின் பாரம் வில்லில் இறங்கிய பிறகுதான் கடைசி முறுக்கு. இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.

கொழுந்தனார் வந்து சுற்றிப் பார்த்தார். "என்ன அண்ணி, வண்டி கோணலாக நிற்கிறதே? வலது பக்கம் தூக்கிக்கொண்டிருக்கிறது."

"நான் இன்னும் ஏறி உட்காரவில்லையே" என்றாள் அக்கா.

ஏறி உட்கார்ந்தாள். வண்டி சமமாயிற்று. பட்டறைக்காரர் அடியில் புகுந்து கடைசி முறுக்கு முறுக்கினார்.

முறிந்த பட்டையை அக்கா முன்னாலேயே திண்ணையில், முறிந்த வாய் வெளியே தெரிகிற மாதிரி வைத்திருந்தாள். கொழுந்தனார் அதை எடுத்துப் பார்த்தார். கறுப்பைப் பார்த்தார், பளபளப்பைப் பார்த்தார். விவசாயி அல்லவா, இரும்பு தெரியும். ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு கூடைகளை ஏற்ற ஆரம்பித்தார்.

அன்று முப்பத்திரண்டு கூடை. மொத்த வியாபாரியின் கொட்டகையில் கோலாலம்பூர் லாரி காத்துக்கொண்டிருந்தது. அந்தப் பள்ளம் வந்தபோது நான் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். வண்டி ஒரு தரம் அமுங்கி எழுந்தது, அவ்வளவுதான்.

கொட்டகையில் நிற்கும்போது அம்மாவிடமிருந்து போன் வந்தது. "என்னடி, அவளிடம் பேசினாயா? எப்போது கூட்டிக்கொண்டு வருகிறாய்?"

"அக்கா லோடு இறக்கிக்கொண்டிருக்கிறாள், அம்மா. கணக்கு முடிந்ததும் உன்னோடு பேசச் சொல்கிறேன்" என்றேன்.