பெரிய குழி, சிறிய குழி

ஓர் ஈரிலக்க எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 9. இலக்கங்களை இடம் மாற்றி எழுதினால் 27 கூடுகிறது. அந்த எண் எது? ஒருங்கமை சமன்பாடுகள் நடத்தும்போது கூடவே வந்துவிடும் கணக்கு இது. பத்தாமிடத்தில் எக்ஸ், ஒன்றாமிடத்தில் ஒய் என்று வைத்துக்கொண்டு நீக்கல் முறையில் போனால் 36 வந்து நிற்கும். எனக்கு அந்த விடையைவிட, அதற்கு முன்னால் எழுதும் ஒரு வரிதான் பிடிக்கும்: எண் = 10 எக்ஸ் + ஒய். பிள்ளைகள் தடுமாறுவதும் அங்கேதான். எக்ஸையும் ஒய்யையும் ஒட்டி எழுதினால் பெருக்கலாகிவிடுகிறது. கூட்டினால் வெறும் இலக்கக் கூடுதல். "36க்குள்ளே 10 எங்கே இருக்கு?" என்று ஒரு பிள்ளை கேட்டால் அது நியாயமான கேள்வி.

நம் பழைய எழுத்தில் அந்தப் பத்து வெளிப்படையாகவே இருந்தது. 36ஐ ௩௰௬ என்று எழுதினார்கள். மூன்று, பத்து, ஆறு. நடுவில் நிற்கும் ௰தான் பத்து. இரு பக்கத்து இலக்கங்களையும் மாற்றிப் போட்டால் ௬௰௩, அதாவது 63. பள்ளிக்கூடத்துச் சமன்பாட்டின் முதல் வரியை ஓலைச்சுவடிக்காரர் அன்றாடம் எழுதிக்கொண்டிருந்தார். 12 மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அது ௰௨, ஒற்றைப் பத்துக்கு முன்னால் ௧ போடும் வழக்கம் இல்லை. அப்படியே திருப்பினால் ௨௰, அதாவது 20. மறைந்திருக்கும் ஒன்றை நாமே போட்டுக்கொண்டால்தான் 21 கிடைக்கும்.

எழுத்தே தெரியாதவருக்கு இதை எப்படிக் காட்டுவது? அதற்கும் நம் பக்கத்தில் ஒரு கல் பதில் வைத்திருக்கிறது. 1965 வரை சேலம் மாவட்டத்தோடு இருந்த தருமபுரிப் பகுதியில், அதியமான் பெருவழி என்னும் பழைய நெடுஞ்சாலையின் காதக்கல், அதாவது தூரம் காட்டும் கல், ஒன்று கிடைத்தது. எழுத்தமைதியை வைத்து 13ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். நாவல்தாவளம் என்னும் ஊருக்கு அங்கிருந்து 29 காதம் என்று சொல்லும் கல் அது. கல்தச்சர் பொறித்ததோடு நிற்கவில்லை. படிக்கத் தெரியாத வழிப்போக்கருக்காக இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் வெட்டி வைத்தார். பெரியது பத்து, சிறியது ஒன்று. மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தவர் விரலால் தடவியே தூரத்தை அறிந்துகொள்ளலாம். 29 குழிகளை வரிசையாக வெட்டினாலும் தூரம் தெரிந்திருக்கும். ஆனால் பத்தை ஒரு குழிக்குள் அடக்கலாம் என்றும், படிக்காதவரும் அதைப் புரிந்துகொள்வார் என்றும் அந்தக் கல்லை நட்டவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

அந்தக் குழிகளை வைத்தே நம் கணக்கைப் போடலாம். 29ஐ 92 ஆக்க வேண்டுமானால் இரண்டு பெரிய குழி ஒன்பதாக வேண்டும், ஒன்பது சிறிய குழி இரண்டாக வேண்டும். அதாவது ஏழு சிறிய குழிகள் பெரிய குழிகளாக வேண்டும். ஒரு குழி சிறியதிலிருந்து பெரியதானால் ஒன்று பத்தாகிறது, கூடுவது 9. ஏழு குழிக்கு 63. எந்த ஈரிலக்க எண்ணைத் திருப்பினாலும் வித்தியாசம் 9இன் மடங்காகவே வருவதற்குக் காரணம் இவ்வளவுதான்.

சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டியில் கணக்கு எழுதிய என் சித்தப்பாவுக்கு எக்ஸும் ஒய்யும் தெரியாது. இந்த ஒன்பது தெரியும். இருப்பு இடிக்கிற இரவுகளில் முதலில் வித்தியாசத்தை ஒன்பதால் வகுப்பார். மீதியில்லாமல் போனால், "எங்கியோ எண்ணு மாறி ஏறியிருக்குது" என்று பேரேட்டைத் திருப்புவார். வேறு பிழையிலும் ஒன்பது வரலாம். ஆனாலும் முதலில் தேட வேண்டிய இடம் அதுதான். நாமக்கல்லில் 36 அட்டை முட்டையை 63 என்று எழுதிவிட்டால் வித்தியாசம் 27 அட்டை, அட்டைக்கு 30 வீதம் 810 முட்டை. 27ஐ ஒன்பதால் வகுத்தால் 3. ஆகவே பத்தாமிடத்தைவிட ஒன்றாமிடம் 3 கூடுதலாக உள்ள ஈரிலக்க எண்களைத்தான் தேட வேண்டும்: 14, 25, 36, 47, 58, 69. ஒரு தடயம் ஆறு பேரைப் பிடித்துக் கொடுக்கிறது. கூடுதல் 9 என்ற இரண்டாவது தடயம் வந்த பிறகே 36 தனியாக மாட்டுகிறது. ஒரு சமன்பாடு போதாமல் இரண்டு தேவைப்படுவது இதனால்தான்.

கணித ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். எக்ஸ், ஒய்யை எழுதுவதற்கு முன்னால் கரும்பலகையில் ௩௰௬ என்று ஒருமுறை எழுதுங்கள். பக்கத்தில் மூன்று பெரிய வட்டமும் ஆறு சிறிய வட்டமும் போடுங்கள். பத்து எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்ட பிள்ளைக்குச் சமன்பாடு தானாக வரும்.