தொப்பியின் உட்புறம்

நுழையும்முன்

நாம் அணியும் பொருளின் வெளிப்புறம் அணிபவரைப் பற்றிப் பேசும். உட்புறமோ அதைச் செய்தவரைப் பற்றிப் பேசும். மேலை நாடுகளில் நெடுங்காலம் புகழ்பெற்றிருந்த ஃபெடோரா தொப்பிகளைச் சேகரித்து அணிந்துவரும் ஆசிரியர் ஒருவர், அவற்றின் உட்புறத்தில் தாம் படித்தறிந்த வரலாற்றை இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்கிறார்.

என்னிடம் ஒன்பது ஃபெடோரா தொப்பிகள் உள்ளன. அவற்றுள் எட்டினை அணிகிறேன். ஒன்றினை மட்டும் அணிவதில்லை. அதற்கான காரணத்தைச் சொல்வதற்கு முன், இந்தப் பழக்கம் எனக்கு வந்த வகையைச் சொல்லிவிடுகிறேன்.

உதகையில் மேல்நிலைப்பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய ஆண்டுகளில் குளிர்தான் என்னைத் தொப்பியிடம் அனுப்பியது. உடன் பணியாற்றியவர்கள் கம்பளிக் குல்லாய் அணிந்தனர். நானோ பழம்பொருள் கடையொன்றில் சாம்பல்நிறத் தொப்பி ஒன்றைக் கண்டேன். தேயிலைத் தோட்டத்துப் பங்களா ஒன்றின் பொருள்களோடு ஏலத்தில் வந்தது என்றார் கடைக்காரர். அதை அணிந்துகொண்டு பள்ளிக்குச் சென்ற முதல் நாள் மாணவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தனர். ஒரு வாரம் கழித்து ஒருநாள் வெறுந்தலையோடு சென்றபோது, “ஐயா, இன்று தொப்பி எங்கே?” என்று அவர்களே கேட்டனர். அதன்பின் வந்தவற்றுள் பல, வெளிநாட்டில் பணிபுரியும் பழைய மாணவர்கள் அங்குள்ள பழம்பொருள் சந்தைகளில் வாங்கி வந்து தந்தவை.

பழைய தொப்பியைப் பேணுவது தனிக்கலை. கீழே வைக்கும்போது தலைகீழாகவே வைக்க வேண்டும். நேராக வைத்தால் விளிம்பு தட்டையாகிவிடும். உச்சியைக் கிள்ளிப் பிடித்துத் தூக்கினால் அங்கே நாளடைவில் விரிசல் விழும். நசுங்கியதைக் கொதிநீரின் ஆவியில் காட்டி, விரல்களால் நீவிப் பழைய வடிவுக்குக் கொண்டுவரலாம். அந்துப்பூச்சிக்கு இம்மயிர் நல்லுணவு. ஆகவே பெட்டிக்குள் அந்துருண்டை போட மறக்கலாகாது. இவ்வாறு ஒவ்வொன்றையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தபோதுதான் தொப்பிக்கு ஓர் உட்புறம் உண்டு என்பது என் கருத்தில் பதிந்தது.

பெயர் வந்த கதை

உச்சியில் நீளவாக்கில் ஒரு மடிப்பு, முன்புறம் இருபக்கமும் சிறு குழிவு, சுற்றிலும் வளையும் மென்மையான விளிம்பு, அடியில் பட்டு நாடா. இவை ஃபெடோராவின் அடையாளங்கள். ஆண்களின் தொப்பியாகவே இன்று அறியப்படும் இதற்குப் பெயர் தந்தவர் ஒரு பெண் பாத்திரம். பிரெஞ்சு நாடக ஆசிரியர் விக்டோரியன் சார்டூ எழுதிய ‘ஃபெடோரா’ என்னும் நாடகம் 1882ஆம் ஆண்டு பாரிசில் அரங்கேறியது. அதில் ஃபெடோரா என்னும் உருசிய இளவரசியாக நடித்தவர் புகழ்பெற்ற நடிகை சாரா பெர்னார்ட். அவர் மேடையில் அணிந்த மென்தொப்பி பெண்களிடையே பரவியது. பெண்ணுரிமைக்காகப் போராடியவர்களும் அதனை விரும்பி அணிந்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஆண்களின் தலைக்கு இடம்பெயர்ந்தது. 1920களில் பிரித்தானிய இளவரசர் எட்வர்டு மென்தொப்பி அணியத் தொடங்கியதும் அதன் செல்வாக்குப் பெருகியது.

அணிந்தவர்கள்

தொப்பியை அணிந்தவர்களின் பெயர்களை உலகம் நன்கு நினைவில் வைத்திருக்கிறது. 1942இல் வெளிவந்த ‘காசாபிளாங்கா’ திரைப்படத்தின் இறுதிக் காட்சியில், விமான நிலையத்தின் பனிமூட்டத்தில் ஃபெடோராவுடன் நிற்கும் ஹம்ப்ரி போகார்ட்டை இன்றும் மக்கள் மறக்கவில்லை.

நம் நாட்டினர் நினைவில் நிற்கும் தொப்பியோ வேறு. 1928 டிசம்பரில் காவல் அதிகாரி சாண்டர்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டபின், லாகூர் முழுவதும் காவலர் கண்காணிப்பில் இருந்தது. முடியைக் குறைத்து, தாடியை மழித்து, மேலைநாட்டு உடையும் விளிம்புள்ள ஃபெல்ட் தொப்பியும் அணிந்து பகத்சிங் அந்நகரின் தொடர்வண்டி நிலையத்தைக் கடந்தார். துர்காதேவி வோரா தம் குழந்தையுடன் அவர் மனைவி போலவும், ராஜகுரு பணியாளர் போலவும் உடன் சென்றனர். ஆட்சியாளரின் தொப்பியே ஆட்சியாளருக்கு எதிராக நின்றவருக்கு மறைவிடமாயிற்று. 1929 ஏப்ரலில் தில்லி காஷ்மீரி கேட் பகுதியிலிருந்த ஒளிப்பட நிலையம் ஒன்றில், அத்தகைய தொப்பியுடன் அவர் எடுத்துக்கொண்ட படமே நாம் சுவர்களிலும் பாடநூல்களிலும் காணும் படம்.

நடிகை, இளவரசர், திரைக்கலைஞர், விடுதலை வீரர் என அணிந்தவர்களின் வரிசை நீள்கிறது. ஆனால், இவர்களின் தொப்பிகளைச் செய்த கைகள் யாருடையவை?

செய்தவர்கள்

இத்தொப்பிக்குரிய துணி நெய்யப்படுவதன்று, பின்னப்படுவதுமன்று. மயிரிழைகளை ஈரத்தாலும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் ஒன்றோடொன்று பிணைத்துச் செய்வது. இதனையே ஃபெல்ட் என்பர். ஒருகாலத்தில் பீவர் என்னும் நீர்வாழ் கொறிவிலங்கின் மயிரே இதற்குச் சிறந்ததாகக் கருதப்பட்டது. ஐரோப்பாவில் அவ்விலங்கு அருகிப்போகவே, வணிகர்கள் வட அமெரிக்கக் காடுகளை நாடினர். 1670இல் தோன்றிய ஹட்சன் விரிகுடா நிறுவனம் இவ்வணிகத்தில் வளர்ந்ததே. பிற்காலத்தில் பீவருக்கு மாற்றாக முயல் மயிர் பெருவழக்காயிற்று.

முயல் மயிர் வழவழப்பானது; எளிதில் பிணையாது. ஆகவே தோலிலிருந்து மயிரைக் கத்தரிப்பதற்கு முன், பாதரச நைட்ரேட்டுக் கரைசலை அதன்மீது தூரிகையால் பூசினர். இழைகள் சொரசொரப்பாகி ஒன்றையொன்று பற்றிக்கொண்டன. உலர்ந்ததும் மயிரின் நுனி காரட்டின் நிறம் பெற்றதால், இவ்வேலைக்குக் ‘காரட்டிங்’ என்றே பெயர் வழங்கியது. பின்னர் மயிரைக் காற்றில் பறக்கவிட்டு, துளைகள் நிறைந்த செப்புக் கூம்பின்மீது உறிஞ்சிப் படியவைத்து, வெந்நீர் தெளித்து எடுத்தனர். தலையைவிடப் பன்மடங்கு பெரிதான அத்தளர்ந்த கூம்பு, வெந்நீரிலும் ஆவியிலும் மீண்டும் மீண்டும் உருட்டப்பட்டுப் பாதிக்கும் கீழாகச் சுருங்கி இறுகும். அதற்குச் சாயமேற்றி, மரஅச்சில் வைத்து வடிவமைத்து, மேற்பரப்பைத் தேய்த்து மென்மையாக்கி, நாடாவும் உள்துணியும் தோலாலான வியர்வைப் பட்டையும் தைத்தனர். 1857இல் இத்தாலியின் அலெசாந்திரியா நகரில் கியூசெப்பே போர்சலினோ தொடங்கிய புகழ்மிக்க நிறுவனத்தில் ஒரு தொப்பி உருவாகப் பல வாரங்கள் பிடிக்கும்.

எண்பத்தோர் ஆண்டுகள்

வெந்நீரும் ஆவியும் பட்ட ஃபெல்ட்டிலிருந்து பாதரசம் ஆவியாகி வெளியேறியது. மூடிய அறைகளில் நாள் முழுவதும் நின்றவர்கள் அதைச் சுவாசித்தனர். முதலில் விரல்கள் நடுங்கும். பின்னர் கை முழுவதும் நடுங்கும். ஈறுகள் வீங்கும், பற்கள் ஆடும். இயல்பான மனிதர் பிறர் முகம் பார்க்கக் கூசுவார். சிறு சொல்லுக்கும் சினம்கொள்வார். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள டான்பரி, தொப்பி நகரம் என்றே பெயர்பெற்றது. அவ்வூர்ப் பெயராலேயே இந்நோயை ‘டான்பரி நடுக்கம்’ என்று மக்கள் வழங்கினர். நடுக்கத்தை மதுப்பழக்கத்தின் விளைவு என்று கூறித் தட்டிக்கழித்தவர்களும் இருந்தனர்.

1860ஆம் ஆண்டிலேயே ஜே. அடிசன் ஃப்ரீமன் என்னும் மருத்துவர், நியூஜெர்சி மாநிலத்தின் ஆரஞ்சு நகரத் தொப்பித் தொழிலாளரிடம் கண்ட பாதரச நோயை விளக்கி, மருத்துவச் சங்க வெளியீட்டில் எழுதிவிட்டார். அமெரிக்கத் தொப்பித் தொழிலில் பாதரசப் பயன்பாடு முடிவுக்கு வந்ததோ 1941 டிசம்பரில்தான். ஹைட்ரஜன் பெராக்சைடு முதலிய மாற்றுப்பொருள்கள் அதன் இடத்தைப் பெற்றன. அப்போதும், வெடிதூண்டிகள் செய்யப் போர்த்துறைக்குப் பாதரசம் தேவைப்பட்டது என்பது அம்முடிவுக்கு ஒரு காரணமாயிற்று. நோய் இன்னதென்று எழுதப்பட்டதற்கும் அது நிறுத்தப்பட்டதற்கும் இடையே எண்பத்தோர் ஆண்டுகள் கடந்தன. மூன்று தலைமுறைகள் அந்த அறைகளில் நின்று உழைத்தன. டான்பரி வழியே ஓடும் ஸ்டில் ஆற்றின் வண்டலில் அந்தப் பாதரசத்தை ஆய்வாளர்கள் பிற்காலத்திலும் கண்டனர்.

அணியாத தொப்பி

என் ஒன்பதாவது தொப்பி, பழுப்பு நிறத்தது. முயல் மயிரால் ஆனது. பார்வைக்கு மற்ற எட்டினும் அழகியது. அதன் வியர்வைப் பட்டையைப் புரட்டியபோது, உள்ளே தைக்கப்பட்டிருந்த சிறு தாள் ஒன்றைக் கண்டேன். வட அமெரிக்க ஐக்கியத் தொப்பித் தொழிலாளர் சங்கத்தின் சீட்டு அது. சங்க உறுப்பினர்கள் செய்த தொப்பி என்பதற்கான சான்று. அச்சங்கம் 1934இல் வேறொரு சங்கத்துடன் இணைந்து புதுப்பெயர் பெற்றது. பழைய பெயர் தாங்கிய சீட்டு இருப்பதால், என் தொப்பி அதற்கு முற்பட்டது. எனவே பாதரசம் விலக்கப்பட்ட 1941க்கும் முற்பட்டது.

பழைய ஃபெல்ட்டில் பாதரசம் எஞ்சியிருக்கக்கூடும். அதனால் அதை நான் தலையில் வைப்பதில்லை; மூடிய பெட்டியில் வைத்திருக்கிறேன்; எடுக்க நேர்ந்தால் கையுறை அணிந்தே எடுக்கிறேன். அணியும் எட்டினுள் ஐந்து, ஆட்டுக் கம்பளியால் ஆனவை. கம்பளி தானாகவே பிணையும். அதற்குப் பாதரசம் வேண்டுவதில்லை. எஞ்சிய மூன்றும் 1950களிலும் அதற்குப் பின்னரும் அமெரிக்காவில் செய்யப்பட்டவை.

“அணிய முடியாததை ஏன் வைத்திருக்கிறாய்?” என்று நண்பர்கள் கேட்பதுண்டு. என் சேகரிப்பில் செய்தவரைப் பற்றி ஒரு சொல்லேனும் சொல்வது அந்தத் தொப்பி ஒன்றே. மற்றவற்றின் உட்புறத்தில் நிறுவனத்தின் பெயர் பொன்னெழுத்தில் மின்னுகிறது, தலையளவு குறிக்கப்பட்டிருக்கிறது, ஒன்றில் முன்னாள் உரிமையாளரின் பெயரெழுத்துகளும் உள்ளன. உழைத்தவர்கள் ஒன்றுசேர்ந்து தங்கள் இருப்பைப் பதிவுசெய்த தாள் இதில் மட்டுமே இருக்கிறது. அதுவும் பட்டையைப் புரட்டிப் பார்ப்பவர் கண்ணுக்கே படும்.

நம் மலையிலும்

இதனை எங்கோ நிகழ்ந்த கதை என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. 1980களில் அமெரிக்காவிலிருந்து வெப்பமானி ஆலை ஒன்று கொடைக்கானலுக்குக் கொண்டுவரப்பட்டது. வெப்பமானியின் உயிர் பாதரசமே. பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் பழைய பொருள் கிடங்கில் கிடந்ததை மக்கள் வெளிக்கொணர்ந்து போராடினர்; 2001இல் ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் இழப்பீடு கேட்டு நெடுங்காலம் போராடி, 2016இல் ஓர் உடன்பாட்டை எட்டினர். காய்ச்சலின்போது நாவின்கீழ் வைத்த கண்ணாடிக் குழாயைச் செய்தவர் யார் என்று நம்மில் எத்தனைபேர் எண்ணிப் பார்த்திருப்போம்?

தெரிந்து தெளிவோம்

ஜப்பானின் மினமாட்டா நகரில், ஆலைக் கழிவுநீர் வழியே கடலில் கலந்த பாதரசம் மீன்களின் மூலம் மக்களைத் தாக்கியது. 1956இல் இந்நோய் அலுவல்முறையாகப் பதிவாயிற்று. அந்நகரின் பெயர் தாங்கிய, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கை 2013இல் ஏற்கப்பட்டு, 2017இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018இல் அதனை உறுதிசெய்து ஏற்றது.

உட்புறத்தைப் படித்தல்

இரண்டாம் உலகப்போருக்குப் பின் தொப்பியின் செல்வாக்குத் தளர்ந்தது. தாழ்ந்த கூரையுடைய மகிழுந்துகள் பெருகின, முடியலங்காரம் மாறியது, 1960களில் மேலைநாட்டுத் தெருக்களில் வெறுந்தலைகளே மிகுந்தன. தொப்பி போயிற்று, ஆயினும், ஆடை அணிபவர் ஒருபுறமும் அதைச் செய்பவர் மறுபுறமுமாக நிற்கும் நிலை போகவில்லை. திருப்பூரில் பின்னலாடையும் ஆம்பூரில் தோல் காலணியும் காஞ்சிபுரத்தில் பட்டும் உருவாகும் நம் மாநிலத்தில், அந்த இரு புறத்தாரும் பெரும்பாலும் ஒரே ஊரிலோ ஒரே வீட்டிலோ இருக்கின்றனர்.

இப்போது நான் சமவெளிப் பள்ளியொன்றில் பணியாற்றுகிறேன். தொப்பிகளுக்கு மார்கழி விடியலில் மட்டுமே வேலை. பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு பயிற்சி தருகிறேன். தங்கள் சட்டை ஒன்றின் கழுத்துப்பட்டையைப் புரட்டி, அங்குள்ள சீட்டில் இருப்பவற்றை முதலில் எழுத வேண்டும். இல்லாதவற்றைப் பின்னர் எழுத வேண்டும். நிறுவனத்தின் பெயர், அளவு, துவைக்கும் முறை என்று முதற்பகுதி மூன்று வரிகளில் முடிந்துவிடும். இரண்டாம் பகுதிக்குப் பலரும் கூடுதல் தாள் கேட்பார்கள்.

சென்ற ஆண்டு ஒரு மாணவி இரண்டாம் பகுதியில் ஒரே வரிதான் எழுதியிருந்தாள்: “இந்தப் பட்டையைத் தைத்தது என் அம்மாவாகவும் இருக்கலாம்.” அவள் தாய் பின்னலாடை நிறுவனத்தில் தையல் வேலை செய்பவர். அந்தத் தாளில் மதிப்பெண் இட என் கை எழவில்லை. அவளிடம் ஒப்புதல் பெற்று, அந்த வரியை வகுப்பில் படித்துக் காட்டினேன். சில மாணவர்கள் தங்கள் சட்டையின் கழுத்துப்பட்டையை மீண்டும் ஒருமுறை புரட்டிப் பார்த்தார்கள்.