எஞ்சின் இல்லாத கூட்டும் மெசின்



ரெண்டு கிழமையாக வீதியால் போகிறவர்கள் எங்கள் பள்ளிக்கூடக் கேற்றடியில் சைக்கிளை நிப்பாட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஒரு பழைய எம்.டி. 90 மோட்டார் சைக்கிள், அதற்குப் பின்னால் ரெண்டு சில்லு வைத்த பெட்டி ஒன்று, அதற்குப் பின்னால் எங்கள் பள்ளியைக் கூட்டுகிற அம்மா. "அதென்ன வண்டில்?" என்று கேட்காத ஆள் இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துவிட்டோம். அடுத்த கிழமை அபிவிருத்திச் சங்கக் கூட்டமும் வருகிறது. அதனால் எல்லாவற்றையும் ஒரே பதிவாக எழுதுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது சருகு கூட்டும் மெசின். 2019இல் கனடாவில் இருக்கிற பழைய மாணவர்கள் கதிரைகளோடும் புத்தகங்களோடும் சேர்த்து அனுப்பிவிட்டது. அங்கே புல்லு வெட்டுகிற சின்ன ட்ரக்டருக்குப் பின்னால் கொழுவி இழுப்பார்களாம். எங்களிடம் அந்த ட்ரக்டர் இல்லை. அந்த ட்ரக்டர் ஓடுகிற மாதிரிப் புல்தரையும் இல்லை. இருப்பது வேம்பும் சிவப்பு மண்ணும் நெருஞ்சியும். ஒரு தவணை இழுத்தார்கள், 2020 தைக்குப் பிறகு அது சுற்றவில்லை. மார்ச்சில் கொரோனாவுக்குப் பள்ளி மூடியது. மெசின் ஆய்வுகூடத்துக்குப் பின்னால் போனது. கோழி முட்டையிட்டதைத் தவிர அதற்குள் பிறகு ஒன்றும் நடக்கவில்லை.

இதில் எஞ்சின் கிடையாது. பெற்றோல் வேண்டாம், கரண்டும் வேண்டாம். சில்லின் உள்விளிம்பில் பெரிய பல்வட்டம் ஒன்று இருக்கிறது. அது தூரிகைத் தண்டின் நுனியில் இருக்கிற சின்னப் பற்சில்லைச் சுற்றுகிறது. பெரியது ஒருமுறை சுற்றினால் சின்னது பலமுறை சுற்றும் என்பது தரம் எட்டுப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் மெசினில் சோக்கால் அடையாளம் போட்டு எண்ணிப் பார்த்தோம். சில்லு ஒருமுறை சுற்றத் தூரிகை ஐந்து முறைக்குக் கொஞ்சம் கூடச் சுற்றுகிறது. அந்த வேகம்தான் சருகை நிலத்திலிருந்து கிளப்பிப் பின்னால் இருக்கிற பைக்குள் எறிகிறது. யோசனை பழையது. 1840களிலேயே மான்செஸ்டரில் ஜோசப் விட்வேர்த், குதிரை வண்டியின் சில்லாலேயே தூரிகையை ஓட்டித் தெரு கூட்டுகிற வண்டி செய்தார். வீட்டுக் கம்பளம் கூட்டுகிற சின்ன மெசினுக்கு 1876இல் அமெரிக்காவில் மெல்வில் பிசெல் காப்புரிமை எடுத்தார். எல்லாவற்றுக்கும் வயிறு ஒன்றுதான்.

இனி அது இரும்புக்குப் போகப் பார்த்த கதை. ஆய்வுகூடத்துப் பின்பக்கம் டெங்குத் துப்புரவு செய்தபோது, "இதுக்குள்ள தண்ணி நிண்டு நுளம்பு முட்டை போடும், தூக்கிக் குடுங்கோ" என்று சங்கத்தில் முடிவாயிற்று. பழைய இரும்பு எடுக்கிற நானா ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்து லொறியோடு வந்தார். எங்கள் ஆட்களில் பழைய இரும்பு வியாபாரம் செய்கிறவர்கள் பலர் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் மெசினைக் கவிழ்த்துப் போட்டார். ஒரு சில்லை விரலால் சுழற்றினார். மற்றச் சில்லையும் சுழற்றினார். "இத ஏன் விக்கிறீங்க? வலது பக்கம் உள்ளுக்க ஒரு நாக்குத்தான் போயிருக்கு. நிறுத்தா எனக்கும் பெரிசா ஒண்டும் வராது, பாதி பிளாஸ்ரிக்" என்றார். வாங்க வந்த வியாபாரியே வேண்டாம் என்று சொன்ன பொருளை நாங்கள் வேறு யாரிடம் கொடுப்பது? அவர் லொறிக்குள் தேடி நல்ல உருக்குத் துண்டு ஒன்றை எடுத்துத் தந்துவிட்டுப் போனார். காசு வாங்கவில்லை.

அவர் செய்து காட்டிய சோதனையை எல்லோரும் செய்யலாம். ஒரு பக்கச் சில்லைத் தூக்கி முன்னோக்கிச் சுழற்றுங்கள், தூரிகை கூடவே சுற்ற வேண்டும். பின்னோக்கிச் சுழற்றுங்கள், டிக் டிக் என்று சத்தம் மட்டும் வர வேண்டும், தூரிகை அசையக்கூடாது. சைக்கிளின் பிறீவீலில் நடப்பதும் இதேதான். பற்சில்லுக்குள் ஒரு சின்ன உருக்கு நாக்கு இருக்கிறது, ஒரு திசையில் கவ்வும், மறுதிசையில் வழுக்கும். ரெண்டு பக்கமும் தனித்தனி நாக்கு இருப்பதால்தான் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சில்லு வேகமாக ஓடினாலும் ஒன்றும் உடைவதில்லை, எது வேகமாக ஓடுகிறதோ அதுவே தூரிகையைச் சுற்றிக்கொள்ளும். எங்கள் மெசினில் இடது பக்கம் டிக் டிக் கேட்டது. வலது பக்கம் எந்தத் திசையிலும் சத்தமே இல்லை.

கழற்றினோம். கழற்ற முன்னரே ஒரு மாணவி தன் நகப்பூச்சால் இடது பக்கச் சாமான்களுக்கு ஒரு புள்ளியும் வலது பக்கத்துக்கு ரெண்டு புள்ளியும் வைத்துவிட்டாள். மிகவும் முக்கியமான வேலை அது. ரெண்டு பற்சில்லும் பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி, ஆனால் உள்வெட்டு எதிரெதிர்த் திசை. மாறிப் பூட்டினால் பின்னால் தள்ளும்போதுதான் தூரிகை சுற்றும்.

உள்ளே என்ன இருந்தது தெரியுமா? பட்ட நூல். வல்வெட்டித்துறைப் பட்டப் போட்டி தைப்பொங்கலன்று. அறுந்த நூல் எங்கள் வேம்பு, எங்கள் மைதானம், எல்லா இடமும் விழும். அது தூரிகைத் தண்டின் ரெண்டு நுனியிலும் பஞ்சு மாதிரி இறுகச் சுற்றியிருந்தது. அதன் மேல் யாரோ நல்ல மனதோடு அள்ளிப் பூசிய கிறீஸ். கிறீசில் சிவப்பு மண். கிறீசும் மண்ணும் சேர்ந்தால் அது கிறீஸ் இல்லை, அரம். வலப் பற்சில்லில் நாலு பல் தேய்ந்து மொட்டையாகி, நாக்கும் உருண்டு போயிருந்தது. மண்ணெண்ணெயில் ஒரு இரவு ஊறப் போட்டுக் கத்தியால் நூலை வெட்டி எடுக்கவே அரை நாள் போனது.

நாக்கை நானா தந்த உருக்கிலிருந்து உயர்தரத் தொழினுட்பப் பிரிவுப் பிள்ளைகள் அரத்தால் இராவி எடுத்தார்கள். மூன்றாவது துண்டு சரியாக இருந்தது. பற்சில்லு அவர்களால் முடியாது. நெல்லியடியில் லேத் வைத்திருக்கிற அண்ணை ஒருவர் இடப் பக்கத்துச் சாமானை மாதிரிக்கு வைத்து, பல்லுக்குப் பல் எண்ணி, உள்வெட்டை மட்டும் திசை மாற்றி நைலோனில் வெட்டித் தந்தார். "இரும்பில வெட்டினா சில்லின்ர பல்லத்தான் தின்னும். நைலோன் தேஞ்சா என்னட்ட திருப்பி வாங்கோ" என்றார். தேய வேண்டியது மலிவான சாமானாக இருக்கட்டும் என்பது அவருடைய கணக்கு. எங்களுக்கும் பிடித்திருந்தது.

அடுத்தது தூரிகை. வந்தபோது இருந்த செயற்கை நார் எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்தில் உரசிப் பாதியாகிப் போயிருந்தது. கனடாவிலிருந்து எடுப்பிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அனுப்புகிற செலவைக் கேட்டதும் அந்தக் கதை நின்றது. அப்போதுதான் கூட்டுகிற அம்மா, "சேர்மார், பனந்தும்பு வைச்சா என்ன?" என்று கேட்டா.

அவ சொல்லும்வரை எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை என்பதை நினைக்கச் சிரிப்பாக இருக்கிறது. ஒருகாலத்தில் யாழ்ப்பாணத்துப் பனந்தும்பு கப்பலேறிப் போனதே தூரிகைகளுக்குத்தான். மேல்நாட்டில் தெரு கூட்டுகிற தூரிகைக்குப் பனந்தும்பு பேர்போனது. தண்ணீர் பட்டாலும் இலேசில் உக்காது, வளைந்தால் திரும்ப நிமிரும். 1978இல் பனை அபிவிருத்திச் சபை வந்தது, தும்பைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் படிப்பிக்கிறோம், பரீட்சையில் கேள்வியும் கேட்கிறோம். கேட்டுவிட்டுத் தூரிகைக்குக் கனடாவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

கங்குமட்டையை ஊற வைத்து, கொட்டனால் அடித்து, ஆணிச் சீப்பில் வாரித் தும்பு எடுப்பதை அம்மாவே பிள்ளைகளுக்குக் காட்டினா. அவவின் தாய் செய்த தொழிலாம். வாரிய தும்பைக் கம்பியின் மேல் இரண்டாக மடித்து, பழைய தகட்டுப் பிடிகளுக்கு இடையில் நெருக்கி போல்ற் இறுக்கினோம். எல்லாப் பக்கமும் ஒரே நீளமாகக் கத்தரிக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்டு துள்ளும், துள்ளினால் பற்சில்லு போகும். பழைய நாரைவிடத் தும்பு விறைப்பு. மண் தரைக்கு அதுவே நல்லது. நெருஞ்சிமுள்ளைக்கூடக் கிளப்புகிறது. வெறுங்காலோடு ஓடுகிற பிள்ளைகள் உள்ள பள்ளிக்கூடத்தில் இது சின்ன விஷயமில்லை. இல்ல மெய்வல்லுநர் போட்டிப் பயிற்சியில், ஓடி முடித்துவிட்டுப் பிள்ளைகள் ஒற்றைக் காலில் நின்று முள் பிடுங்குகிற காட்சியை எத்தனை வருடம் பார்த்திருக்கிறோம்.

பை முழுதாகக் கிழிந்து போயிருந்தது. வீடு ஒன்றிலிருந்து பழைய தறப்பாள் வந்தது, நீல எழுத்து இன்னும் மங்கலாகத் தெரிகிறது. எந்த இடப்பெயர்வில் எந்த முகாமில் கிடைத்தது என்று தந்தவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் வளர்ந்த நாங்களும், வன்னிவரை போய்த் திரும்பிய இவர்களும் அந்தத் துணியைக் கையில் பிடித்துத் தைத்தபோது அதிகம் கதைக்கவில்லை. இரட்டைத் தையல் போட்டோம். நன்றாக நிற்கிறது.

இழுக்க எம்.டி. 90. முதல் கியரில் மனிதர் நடக்கிற வேகம், அதற்கு மேல் போனால் சருகு பைக்குள் விழாமல் பறக்கும். மோட்டார் சைக்கிள் வளைவில் சாயும், மெசினின் இழுதடி சாயாது. ஆகவே இறுக்கமாகப் பூட்டாமல் ஆட்டம் உள்ள வளையத்தில் கொழுவியிருக்கிறோம். யாராவது உங்கள் வீட்டில் முயன்றால் இதைக் கவனியுங்கள். 2022இல் கியூ.ஆர். கோட்டோடு பெற்றோலுக்கு நின்ற நாட்களில் இது ஓடியிருந்தால் நாலு பேர் கயிறு கட்டியே இழுத்திருக்கலாம், அவ்வளவு இலேசு.

கணக்குப் பாட ஆட்களுக்காக: மைதானம் 100 மீற்றருக்கு 60. மெசினின் அகலம் 42 அங்குலம், ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் படிய ஓட்டினால் ஒரு முறைக்கு 90 சென்ரிமீற்றர். 67 முறை போக வேண்டும், 6.7 கிலோமீற்றர். மணிக்கு ஐந்து கிலோமீற்றர் என்றால் ஒரு மணித்தியாலம் இருபது நிமிடம். பை நிறைய நிறையக் கயிற்றை இழுத்துக் கொட்டுகிற நேரத்தோடு ரெண்டரை மணித்தியாலம். அம்மா ஈர்க்குக்கட்டோடு குனிந்து கூட்ட மூன்று நாள் எடுத்தது.

பராமரிப்பு என்று பெரிதாக இல்லை. ஓட்டி முடிந்ததும் தண்டில் நூல், முடி, பொலித்தீன் சுற்றியிருந்தால் அப்போதே வெட்டி எடுப்பது. தண்டு நுனிக்குத் தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி. பல்லுக்குக் கிறீஸ் கிடையவே கிடையாது. நாக்குக்குப் பென்சில் கரியைச் சுரண்டித் தூவுகிறோம், அது மண்ணைப் பிடிக்காது. தூரிகை நிலத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கிற உயரம், அதற்குக் கீழே இறக்கினால் தும்புதான் தேயும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் புறப்பட முன்னர் ஒருமுறை சுழற்றி டிக் டிக் கேட்டுவிட்டுப் போவது எங்கள் வழக்கமாகிவிட்டது.

கூட்டிய சருகை இனி எரிப்பதில்லை. பங்குனியில் வேம்பு கொட்டும்போது கிணற்றடியில் எரிக்கிற புகையில் தொய்வுக்காரப் பிள்ளைகள் வகுப்பில் இருமிக்கொண்டிருப்பார்கள். 2021 மேயில் இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தியபோது தோட்டக்காரர்கள் இலைகுழைக்கு அலைந்தது நினைவிருக்கும். அந்த வருடமும் நாங்கள் எரித்துக்கொண்டுதான் இருந்தோம். இப்போது குழியில் தாழ்க்கிறோம். நெருஞ்சி வந்த பையை மட்டும் புறம்பாகக் கொட்டி எரிக்க வேண்டும். அதைப் பசளையில் போட்டால் அடுத்த வருடம் கத்தரிக்குப் பதிலாக நெருஞ்சி.

இனிச் சங்கக் கூட்டத்து விஷயம். மெசின் முதல்நாள் ஓடியபோது எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா தட்டவில்லை. பின்னேரம் வந்து, "இது ஓடினா என்னை நிப்பாட்டிப் போடுவினமோ?" என்று கேட்டா. சங்கம் நாட்சம்பளம் கொடுக்கிற வேலை அவவுடையது. கேட்டது வீண் பயம் இல்லை. "மெசின் இருக்கு, பிறகேன் ஆள்?" என்று ஒருவர் ஏற்கெனவே கேட்டுவிட்டார். இன்னொருவருக்கு வேறு மனக்குறை, மெசின் வந்தால் பிள்ளைகள் விளக்குமாறு பிடிக்கப் பழகமாட்டார்களாம்.

ரெண்டாமவருக்கு முதலில் சொல்கிறோம். வகுப்பறையும் விறாந்தையும் பிள்ளைகள் தும்புத்தடியால் கூட்டுவது அப்படியே இருக்கும். அதில் மாற்றம் வேண்டும் என்று நாங்களும் நினைக்கவில்லை. ஒரு ஏக்கருக்கு மேற்பட்ட மண்ணை அறுபதை நெருங்கிய ஒரு பெண் குனிந்து கூட்டுவது வேறு விஷயம்.

முதலாமவருக்கு: ஐந்து வருடம் இந்த மெசின் கோழிக்கூடாகக் கிடந்தது பற்சில்லு தேய்ந்ததால் மட்டுமல்ல, அதைப் பார்க்க ஒரு ஆள் இல்லாததால். நூல் வெட்ட ஒருவர் வேண்டும், பை கொட்ட ஒருவர் வேண்டும், தும்பு குறைந்தால் வார ஒருவர் வேண்டும். அந்த மூன்றும் தெரிந்த ஒரே ஆள் அவதான், தூரிகைக்கு யோசனை சொன்னதும் அவதான். மூன்று நாள் வேலை அரை நாளில் முடிந்தால் மிச்ச நாளுக்குப் பசளைக் குழியும் பீலித் துப்புரவும் இருக்கின்றன. மாரிக்கு முன்னர் பீலிச் சருகு எடுக்காமல் நுளம்பைப் பற்றிக் கதைப்பதில் பயனில்லை. சம்பளத்தை ஒரு நாள்கூடக் குறைக்கக்கூடாது என்று கூட்டத்தில் எழுத்தில் கேட்கப் போகிறோம். பெற்றோர்கள் வந்து கை உயர்த்தினால் நல்லது.

இதுவரை செலவு 8,650 ரூபா: லேத் வேலை, போல்ற் நட், மண்ணெண்ணெய், தையல் கூலி. பற்றுச்சீட்டு காரியாலயத்தில் இருக்கிறது. வெளிநாட்டு உறவுகள் ரெண்டாவது மெசின் அனுப்பட்டுமா என்று கேட்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அனுப்ப விரும்பினால் அம்மாவுக்கு ஒரு சோடி நல்ல கையுறையும் முகக்கவசமும் அனுப்புங்கள்.

ஊரில் இருக்கிறவர்களிடம் வேறு ஒன்று கேட்கிறோம். மாசிக்கு முன்னர் ஒரு சோடித் தூரிகை மேலதிகமாகக் கட்டி வைக்க வேண்டும். பனை ஓலை வெட்டிய வீடுகளில் கங்குமட்டை கிடந்தால் எரிக்காமல் கேற்றடியில் வைத்துவிடுங்கள், பிள்ளைகள் வந்து எடுப்பார்கள். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மாமரத்தடியில் தும்பு வாருவோம். கொட்டன் இருக்கிறவர்கள் கொண்டு வாருங்கள், எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது.