எந்தக் கணக்கில் எழுதுவது?

கேபிள் டி.வி.யை நிறுத்திவிட்டோம் என்றால் சென்னை நண்பர்கள், ‘இன்னுமா வெச்சிருந்தீங்க?’ என்கிறார்கள். கும்மிடிப்பூண்டியில் வைத்திருந்தோம் சாமி!

நான் பி.காம். பற்று, வரவு எழுதிப் பார்த்தால்தான் தூக்கம் வரும். 2011 செப்டம்பரில் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. 2019 பிப்ரவரியில் டிராய் புதிய கட்டண முறையைக் கொண்டுவந்தது. 100 சேனலுக்கு அடிப்படைக் கட்டணமே வரியோடு 153 ரூபாய் 40 காசு. சன், விஜய் வேண்டுமென்றால் அதற்கு மேலே. ‘பார்க்கிற சேனலுக்கு மட்டும் காசு கொடுங்கள்’ என்றார்கள். கொடுத்துப் பார்த்தால் பில் ஏறியிருந்தது.

சரி, ஓ.டி.டி. மலிவா? பிராட்பேண்ட் வாடகை தனி. அமேசான் பிரைம் வருடச் சந்தா 2021 டிசம்பரில் 999-லிருந்து 1,499 ஆனது. 2025 ஜூனிலிருந்து நடுவில் விளம்பரமும் உண்டு. வேண்டாமென்றால் அதற்கும் தனிக் காசு!

எங்கள் கேபிள்காரருக்கு சிப்காட் பக்கம்தான் நல்ல வசூல். ஒடிசா, பீகார் பையன்கள் அறைக்கு ஆறு பேர், ஒரு டி.வி., ஒரு கனெக்‌ஷன், பங்கு போட்டுக் காசு. எந்தச் சேனல் என்று கைகலப்புகூட நடக்கும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. இப்போது ஆறு பேரும் ஆளுக்கொரு போனோடு படுத்திருக்கிறார்கள். ஒரு காதில் போஜ்புரி பாட்டு, இன்னொரு காதில் ஒடியா நாடகம். சண்டை இல்லை, டி.வி.யும் இல்லை.

நான் நிறுத்தச் சொன்னபோது அவர் முகம் மாறவில்லை. ‘‘இந்த மாசம் நீங்க பதினோராவது வீடு சார்’’ என்றபடி பாக்ஸைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார். எங்களுக்கு பிராட்பேண்ட் ஒயர் இழுத்தது யாரென்று நினைக்கிறீர்கள்? அவர் மகன்தான். ஒரு கம்பெனிக்காக, கனெக்‌ஷனுக்கு இவ்வளவு என்று கூலிக்கு.

அம்மாதான் சமாதானமாகவில்லை. ‘‘எட்டரை மணி சீரியலை எப்ப வேணா பாக்கலாம்மா’’ என்றேன். ‘‘பக்கத்து வீட்டுக்காரி அதுக்குள்ள பாத்துட்டாளா இல்லியான்னு எனக்கெப்படிடா தெரியும்? யார்கிட்ட கதை பேசறது?’’

போன வாரம் ஆப் திறக்கவில்லை. அம்மா கஸ்டமர் கேருக்கா போன் போடுவாள்? கேபிள்காரருக்குப் போட்டாள். ராத்திரி ஒன்பது மணிக்கு வந்தார். பாஸ்வேர்டு கேட்டார், சென்னையிலிருக்கும் என் மகளைக் கேட்டு வாங்கினோம். அரை மணி நேரம் போராடிப் படத்தை வரவழைத்தார்.

நூறு ரூபாயை நீட்டினேன். வாங்கவில்லை.

‘‘கனெக்‌ஷனே இல்லியே சார், எந்தக் கணக்குல எழுதறது?’’

காபி மட்டும் குடித்துவிட்டுப் போனார்.