உதிரப்பட்டியும் ஓய்வூதியமும்

வீரனுக்குச் செய்யும் சிறப்பு இருவகைப்படும். ஒன்று, மாண்டவன் பெயரை நிலைநிறுத்துவது. மற்றொன்று, அவன் வீட்டு அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்வது. முன்னதைப் பற்றி நம் இலக்கியம் நிறையவே பேசுகிறது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று கல்லெடுக்கும் முறையைத் தொல்காப்பியப் புறத்திணையியல் படிப்படியாக வகுத்துத் தருகிறது. பின்னதற்குச் சான்று தேடினால் கல்வெட்டுகளிடம்தான் போகவேண்டும். களத்தில் பட்டவன் குடும்பத்துக்கு விடப்பட்ட நிலத்தை அவை உதிரப்பட்டி என்றும் நெய்த்தோர்ப்பட்டி என்றும் குறிக்கின்றன. நெய்த்தோர் என்பதும் குருதியே. சிந்திய குருதிக்கு ஈடாக நிலம் என்னும் கணக்கை அச்சொற்கள் ஒளிக்கவில்லை.

இன்று அக்கணக்கை எழுதும் பொறுப்பு மத்திய உள்துறை அமைச்சகத்தின் விடுதலைப் போராட்ட வீரர்கள் பிரிவிடம் இருக்கிறது. அந்தமான் சிறையில் வாடிய அரசியல் கைதிகளுக்கென 1969இல் ஓர் ஓய்வூதியத் திட்டம் வந்தது. விடுதலையின் வெள்ளிவிழாவையொட்டி 1972 ஆகஸ்ட் 15 முதல் அது பிற போராட்ட வீரர்களுக்கும் விரிந்தது. அவ்வாண்டு தாமிரப் பட்டயங்களும் வழங்கப்பட்டன. செப்பேடு என்னும் பழைய வடிவம் குடியரசின் கையில் மீண்டும் உயிர்பெற்றது. தமிழகத் தொல்லியல் துறை 'செங்கம் நடுகற்கள்' நூலை வெளியிட்டதும் அதே 1972இல்தான் என்பது நமக்குப் பிடித்தமான தற்செயல்.

ஆனால் 1972இன் திட்டத்தில் ஒரு முள் இருந்தது. ஆண்டு வருமானம் ஐயாயிரம் ரூபாய்க்கு மிகாதவருக்கே ஓய்வூதியம். தியாகத்தோடு வறுமையையும் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. 1980இல்தான் அவ்வரம்பு நீக்கப்பட்டது. திட்டத்தின் பெயரிலும் 'சம்மான்', அதாவது மரியாதை, என்னும் சொல் ஏறியது. உதவி மரியாதையாக மாற எட்டு ஆண்டுகள் பிடித்திருக்கின்றன.

மரியாதைக்கும் அளவுகோல் உண்டு. குறைந்தது ஆறு மாதச் சிறை. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மூன்று மாதம். சிறைப் பதிவேடு அழிந்திருந்தால் உடனிருந்த கைதியின் சான்று வேண்டும். வெள்ளையனின் ஏடு நம் வீரனுக்குச் சாட்சி சொல்லவேண்டும் என்பதில் உள்ள முரணைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இவ்வழக்குகளில் குற்ற வழக்குக்குரிய கடுமையோடு சான்று கேட்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2001இல் குர்தியால் சிங் வழக்கில் தெளிவுபடுத்திய பிறகே பலருக்கு வழி பிறந்தது.

எங்கள் தெருவில் ஒரு மூதாட்டி இருந்தார். கணவர் மலாயாத் தோட்டத்திலிருந்து நேதாஜியின் படைக்குப் போனவர். 1945இல் ரங்கூனில் பிடிபட்டவர். அவர் மறைந்தபின் ஓய்வூதியம் அம்மையாருக்கு வந்தது. ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்றுப் படிவத்தை நிரப்பித் தருவது நம் வேலை. ஒருமுறை, "நான் உசுரோட இருக்கேன்னு எழுதறீங்களே வாத்தியாரய்யா, அவுக என்ன செஞ்சாகன்னு எழுத அதுல எடம் இருக்கா?" என்று கேட்டார். படிவத்தைத் திருப்பிப் பார்த்தோம். இல்லை.

அக்கேள்வி நம்மை விடவில்லை. பணத்தில் அரசு முற்றிலும் கஞ்சத்தனம் காட்டியதாகச் சொல்ல முடியாது. 2016இல் மாத ஓய்வூதியம் 26,000 முதல் 30,000 ரூபாய் வரை உயர்த்தப்பட்டது; அகவிலை உயர்வும் உண்டு. வாழ்க்கைத் துணைக்கும் அதே தொகை. தமிழக அரசு 2022இல் தன் ஓய்வூதியத்தை 18,000 ரூபாயிலிருந்து 20,000 ஆக்கியது. கட்டபொம்மன், மருது சகோதரர்கள், வ.உ.சி. ஆகியோரின் வழித்தோன்றல்களுக்கும் மாதத்தொகை தருகிறது. மத்தியத் திட்டத்தில் மட்டும் இதுவரை 1,71,000க்கும் மேற்பட்டோர் பயன்பெற்றுள்ளனர். உதிரப்பட்டி ஒழுங்காகவே அளக்கப்பட்டது. கல்தான் நடப்படவில்லை.

தலைவர்களுக்கு மணிமண்டபம் இருக்கிறது. ஆறு மாதம் சிறையிருந்த நெசவாளிக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் என்ன இருக்கிறது? யோசித்தால், அவர்களுடைய விண்ணப்பங்கள் இருக்கின்றன. ஊர், பெயர், எந்தப் போராட்டம், எந்தச் சிறை, எத்தனை நாள். ஒரு நடுகல் சொல்வதும் ஏறத்தாழ இவ்வளவுதானே! கடைசி வாரிசு மறையும் நாளில் ஓய்வூதியக் கோப்பு மூடப்படும். அதைக் கரையானுக்கு விடாமல், ஏற்கப்பட்டவற்றையும் மறுக்கப்பட்டவற்றையும் சேர்த்துக் கல்வெட்டுகளைப்போல் படியெடுத்து மாவட்ட வாரியாகப் பதிப்பிக்கலாம். ஆநிரை மீட்டுப் பட்ட ஓர் ஊர்க்காவலனின் பெயர் ஆயிரம் ஆண்டு கடந்தும் கல்லில் நமக்குக் கிடைக்கிறது. எண்பது ஆண்டுக்கு முந்தையவனின் பெயர் கிடைக்காமல் போனால் அந்தப் பழி காலத்தைச் சேராது.