ஆறுக்கு முன்னும் பதினெட்டுக்குப் பின்னும்

பிலடெல்பியா



மூன்று பிராயம் நிரம்பியும் 'அம்மா' என்று வாய் திறந்து அழைக்காத மகனைப் பற்றிச் சென்னை ஆதம்பாக்கத்திலிருந்து என் ஒன்றுவிட்ட தங்கை எழுதியிருக்கிறாள். மருத்துவர் ஆட்டிசம் என்று கூறிய பிறகும், "ஆண் பிள்ளைக்குப் பேச்சு மெல்லத்தான் வரும், கொஞ்சம் பொறு" என்று வீட்டுப் பெரியவர்கள் சமாதானம் சொல்லி, ஸ்பீச் தெரபிக்குப் போகவிடாமல் தடுக்கிறார்களாம். "அண்ணா, உங்கள் ஊரில் இதற்கெல்லாம் என்ன செய்கிறார்கள்?" என்று கேட்கிறாள். அவளைப் போன்ற தாய்மார் பலர் இருப்பதால் அவளுக்குரிய விடையை இம்மடலிலேயே எழுதுகிறேன்.

கல்விக்குத் தகுதியற்றவர்கள் என்று பள்ளிகள் வாசலிலேயே திருப்பியனுப்பிய மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்காக, அவர்களுடைய பெற்றோர் சங்கம் 1971-ஆம் ஆண்டில் பென்சில்வேனியா மாநில அரசின்மீது வழக்குத் தொடுத்து கல்வி உரிமை பெற்றது இந்தப் பிலடெல்பியா நகரத்து நீதிமன்றத்தில்தான். அந்த வெற்றி வழிகோல, 1975-ல் அமெரிக்கா முழுமைக்கும் அத்தகைய சட்டம் பிறந்தது. 1986-ல் அது பச்சிளங்குழந்தைகளுக்கும் விரிந்தபோது, குழந்தைக்கு மட்டுமன்றிக் குடும்பத்துக்கே ஒரு திட்டம் எழுதப்பட வேண்டும் என்று விதித்தது. ஆகவே இங்கே பயிற்சியாளர் வீடு தேடி வந்து, தரையில் அமர்ந்து, குழந்தையோடு தாம் விளையாடுவதைக் காட்டிலும், எவ்வாறு விளையாட வேண்டும் என்று தாய்க்குக் கற்பிப்பதிலேயே கருத்தாயிருக்கிறார். வாரத்தில் சிறிது நேரம் வந்து போகும் நிபுணரைவிட, அல்லும் பகலும் உடனிருக்கும் பெற்றோரே பெரிய ஆசான் என்பது அதன் தாத்பரியம்.

ஆனால் தங்கையே, இதற்காக நீ அமெரிக்காவை அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. காது கேளாத சின்னஞ்சிறு குழந்தைகளுக்கென அடையாற்றில் பால வித்யாலயா 1969-லேயே தோன்றி, பெற்றோரையும் பயிற்சியில் சேர்த்துக்கொண்டது. மூளை முடக்குவாதம் உற்ற குழந்தையின் தாயாகிய பூனம் நடராஜன் 1985-ல் தொடங்கிய ஸ்தாபனமே இன்று கோட்டூர்புரத்தில் வித்யாசாகர் என்று விளங்குகிறது. அறிவு வளர்ச்சி குன்றிய, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கென்று 1989-ல் தியாகராய நகரில் எழுந்த மதுரம் நாராயணன் மையத்தில், தாயும் குழந்தையுடன் அமர்ந்து பயில வேண்டும் என்பதே முறை. குழந்தையைக் கொண்டு போய் ஒப்படைத்துவிட்டுத் திரும்பும் இடமாக இல்லாமல், பெற்றவளின் கையில் வித்தையைக் கொடுத்தனுப்பும் இடமாக அமைத்த அந்த விவேகத்தைப் பல்லாயிரம் மைல் தூரத்திலிருந்து நான் வணங்குகிறேன்.

என் மனத்தை உறுத்துவது வேறொன்று. 2016-ஆம் ஆண்டின் இந்திய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இலவசக் கல்வியை ஆறு வயது முதல் பதினெட்டு வயது வரைக்குமே உரிமையாக்கியிருக்கிறது. மூளை மிக வேகமாக வளரும் முதல் ஆறு ஆண்டுகளில், அரசு மருத்துவமனைகளில் ஆரம்பநிலைப் பயிற்சி மையங்கள் உண்டென்றாலும், அவற்றைத் தேடிக் கண்டுபிடித்து, வேலையையும் உறக்கத்தையும் விட்டு அலையும் பொறுப்பு பெரும்பாலும் தாய் ஒருத்தியின் தலையிலேயே விழுகிறது. 'பொறு' என்னும் அன்பான சொல் அவளிடமிருந்து பறிப்பது இந்தப் பொன்னான காலத்தைத்தான். மருத்துவர் ஆட்டிசம் என்று சொன்னபின் ஒரு மாதம் காத்திருப்பதும் நஷ்டமே.

பதினெட்டு நிறைந்த மறுநாளோ வேறொரு கதவு சாத்திக்கொள்கிறது. பெற்றவர்கள் என்றென்றும் பாதுகாவலர்கள் என்று நாம் எண்ணியிருக்க, சட்டத்தின் கண்ணில் அந்தப் பிள்ளை வயது வந்தவனாகிவிடுகிறான். அவன் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கோ சொத்துக்கோ கையெழுத்திடும் அதிகாரம் தகப்பனுக்கும் இல்லை. இதற்கென்றே 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம், ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு, பன்முகக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்க மாவட்ட ஆட்சியரை உள்ளடக்கிய ஒரு குழுவை வகுத்திருக்கிறது. "எங்களுக்குப் பிறகு யார்?" என்று இரவெல்லாம் விழித்திருக்கும் பெற்றோருக்கு அது முழு விடையன்று, ஆயினும் முதற்படி அதுவே. 2018 முதல் ஆதம்பாக்கம் சென்னை மாவட்டத்தைச் சேர்ந்ததாகையால், பரங்கிமலையில் மின்சார ரயில் ஏறிக் கடற்கரை நிலையத்தில் இறங்கினால், ராஜாஜி சாலையிலேயே ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது.

ஆதம்பாக்கத்துச் சொந்தங்களே, அண்டை அயலாரே! இத்தகைய தாய்மாருக்கு உபதேசம் வேண்டாம். மற்றக் குழந்தைகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவதற்கும், மத்தியானத்தில் இரண்டு மணி நேரம் வீட்டிலுள்ள பிள்ளையைப் பார்த்துக்கொள்வதற்கும், பாதுகாவலர் விண்ணப்பத்துக்காக ஆட்சியர் அலுவலகத்து வரிசையில் அவர்களுடன் நிற்பதற்கும் யாரேனும் முன்வாருங்கள். வீட்டில் பதினெட்டு நிறைந்த பிள்ளை இருந்தால், பாதுகாவலர் விண்ணப்பத்தை இந்த மாதமே கொடுத்துவிடுங்கள்.